நாய் வளர்க்காத வீடு

கிராமத்து ஜனங்களுக்குச் சரித்திரப் பிரக்ஞை கிடையாது என்று சொல்கிறவர்கள் நம்மில் அநேகம் பேர். படித்தவர்கள்தான் இதை அதிகமாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரம் என்றால் புஸ்தகம். புஸ்தகம் இல்லாத இடத்தில் சரித்திரமும் இல்லை. நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பினால் ஒரு வீட்டுக்கு நான் செய்துவிட்ட காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். விமர்சனம் என்று ஆரம்பித்துச் சொந்தக் கதை பேசுகிறானே என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். விமர்சிக்கப்பட வேண்டிய கதையும் என்னுடையதுதான்.

மத்திகிரி ஓசூரை ஒட்டினாற்போல இருக்கிற ஊர். இன்று ஓசூர் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. பட்டாளத்துக் குதிரைகளுக்காக வெள்ளைக்காரன் வளைத்துப்போட்ட நிலம் பிற்பாடு சர்க்கார் கால்நடைப் பண்ணையாயிற்று. அந்தப் புல்வெளி இன்னும் பச்சையாக இருக்கிறது. அதற்கு அப்பால், 1970களில் சிப்காட் வந்த பிற்பாடு முளைத்த ஆலைகள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஒரே ஆள் வாயிலேயே மூன்றும் வருவதும் உண்டு.

இந்தப் பக்கத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளில் முரசு நாடு என்று ஒரு பெயர் வருகிறது. ராஜ்யங்கள் மாறி மாறி வந்து போயின. கல்லைப் படிக்கத் தெரிந்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் மொரசு ஒக்கலிகர் என்ற சமூகப் பெயரில் அந்த நாடு இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் ஒருவன் தன்னையறியாமல் ஆயிரம் வருஷத்துப் பூகோளத்தைச் சொல்லிவிடுகிறான். இதைச் சரித்திரப் பிரக்ஞை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இனி கல் விஷயம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கங்களில் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் ஏராளம். மாடு மீட்கப் போய் விழுந்தவன், புலியைக் குத்தி இறந்தவன், பன்றியோடு பொருது மடிந்தவன் என்று பல தினுசு. தமிழ் பேசுகிறவர்கள் பல இடங்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் வீரகல்லு. வருஷத்துக்கு ஒரு தரம் கழுவி, எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் இட்டுப் பொங்கல் வைப்பார்கள். எண்ணெய் ஏறி ஏறி உருவம் மழுங்கி, எழுத்து மறைந்துபோகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் வருத்தப்படுவதுண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்த எண்ணெய் இல்லாவிட்டால் கல்லே என்றைக்கோ ஏதாவது வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போயிருக்கும்.

மத்திகிரிக்குச் சிறிது தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள கல்லில் ஒரு வீரன் புலியின் வாய்க்குள் கத்தியைச் செலுத்துகிறான். அவன் காலடியில் ஒரு நாய். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் அதைப் பார்க்கப் போனபோது மூன்று கதை கிடைத்தது. தமிழ்க் குடும்பம் ஒன்று, ஊர் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தான் என்றது. தெலுங்கு வீட்டுப் பெரியவர், அக்காளுக்குச் சீர் கொண்டுபோகிற வழியில் புலி மறித்தது என்றார். கன்னடம் பேசுகிற ஒரு அஜ்ஜிதான் மூன்றாவது கதையைச் சொன்னாள். பங்கு கேட்ட தம்பியை, புலி இருக்கிற காடு என்று தெரிந்தே, விறகுக்கு அனுப்பினார்களாம் அண்ணன்மார். கூடப் போன நாய், புலியைக் கண்டதும் ஓடிவந்துவிட்டதாம்.

"அதனால நம்ம மனையில நாய் சேக்கறதில்லை, அப்பா" என்றாள்.

மூன்று வீட்டாருக்கும் முதல் தேங்காய் யார் உடைப்பது என்பதில் வருஷா வருஷம் சண்டை. அந்தச் சண்டையில்தான் மூன்று கதையும் மறுபடி ஒரு தரம் சொல்லப்படுகின்றன. பாத்தியதையை நிலைநாட்டக் கதை வேண்டியிருக்கிறது. கதை நிலைக்கச் சண்டை வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் பாரதக் கூத்து நடக்கிற ஊர்களிலும் இப்படித்தான். பகலில் பிரசங்கியார் கையில் புஸ்தகம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஊர் காப்பாற்றுவது அதையல்ல. படுகளத்தன்று மண்ணால் துரியோதனனைப் போடுவது இன்ன வீட்டார் உரிமை என்பதைத்தான்.

எனக்கு அஜ்ஜியின் கதை பிடித்துவிட்டது. ஆனால் ஓடிப்போன நாய் பிடிக்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கோவிவன் என்ற நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்றதை அதில் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். இதை நான் படித்திருந்தேன். படிப்பு என்ன செய்யும்? என் கதையில் நாய் எஜமானன் பிணத்தருகே கிடந்து, பட்டினி இருந்து செத்தது. பத்திரிகையில் வந்தது. நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் கடிதமும் எழுதினார்கள்.

பட்டினி கிடந்து சாகும் நாய் எந்தக் கதையிலும் வரக்கூடிய நாய். ஓடிப்போன நாய் அந்த ஒரு வீட்டு நாய். இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

கல்லில் நாயைச் செதுக்கியவன் அதற்கு மரியாதை செய்யத்தானே செதுக்கினான், ஆகவே உன் கதைதான் நிஜத்துக்குக் கிட்டே இருக்கிறது என்று ஒரு நண்பர் எனக்குப் பரிந்து பேசினார். இருக்கலாம். அஜ்ஜியின் கதை அந்த வீரனைப் பற்றியதே அல்ல. பங்கு பிரிக்கையில் அண்ணன் தம்பிகள் என்னென்ன செய்வார்கள் என்று அந்தக் குடும்பம் கண்டுகொண்டதைப் பற்றியது. கல்லைக் காட்டி அதை மறுக்க முடியாது.

எழுதி வைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் ராஜ்யத்தை அளக்க வந்த காலின் மெக்கன்சி, தம்முடைய உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பிக் கைபீதுகள் சேகரித்தார். கணக்கர் வாயிலிருந்து வந்ததில் மானியத்துக்காகச் சொன்ன பொய்யும் கலந்திருக்கும். அதனால் பாதகமில்லை. யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று தெரிகிற பொய், ஆள் தெரியாத உண்மையைவிட உபயோகமானது. அவர் 1821இல் இறந்தார். அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி சென்னையில் இருக்கிறது. முரட்டு நடைதான், ஆனால் இலக்கியாசிரியன் கை அவற்றில் படவில்லை.

கை பட்டும் கெடாமல் இருப்பது அபூர்வம். தமிழில் எனக்குத் தெரிந்து கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) அப்படி ஒன்று. தெலுங்கு தேசத்திலிருந்து துலுக்க ராஜாவுக்குப் பயந்து ஓடிவந்த கூட்டத்தின் கதையை மங்கத்தாயாரு என்ற கிழவி சொல்கிறாள். அவர்கள் ஆற்றைக் கடக்க மரம் வளைந்து கொடுக்கிறது. ஆசிரியர் அதற்குச் சமாதானம் சொல்லவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கிழவி சொல்கிறாள், நாம் கேட்கிறோம், அவ்வளவுதான். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. ஆனால் எனக்கு அது ஒரு படி கீழேதான். சுதந்திரப் போராட்டம் உள்ளே வந்ததும் கிழவியின் குரல் போய்ப் பத்திரிகைச் செய்தியின் குரல் வந்துவிடுகிறது. ஊர் தன் வாயால் சொல்லாததை ஆசிரியர் அதற்காகச் சொல்லத் தொடங்குகிறார்.

இன்னொன்றும் தோன்றுகிறது. கோபல்ல கிராமத்தாருக்குப் புறப்பட்டு வந்த கதை இருக்கிறது. அதனால் நாவலும் கிடைத்தது. மத்திகிரித் தெலுங்குக்காரரும் கன்னடக்காரரும் எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்விக்கு முழிக்கிறார்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லை, எல்லைதான் வந்து போனது என்பதுதான் அவர்கள் பதில். இப்படிப்பட்ட கதைக்குத் தொடக்கமும் கிடையாது, யாத்திரையும் கிடையாது. நாவலாசிரியனுக்கு அதை என்ன செய்வதென்று தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லை.

போன தை மாதம் அந்த ஊருக்கு மறுபடி போனேன். கல்லுக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். நான் முதலில் போனபோது டிராயர் போட்டுக்கொண்டு நின்ற அஜ்ஜியின் பேரன் இப்போது ஒரு ஆலையில் வேலையாக இருக்கிறான். கல் பார்க்க வந்த இரண்டு மாணவர்களுக்கு அவன்தான் விளக்கிக்கொண்டிருந்தான். எஜமானன் பக்கத்தில் கிடந்து அன்னம் ஆகாரம் இல்லாமல் உயிரை விட்டது சார் அந்த நாய், என்றான். வார்த்தைகூட ஏறக்குறைய என்னுடையதேதான். மற்ற இரண்டு வீட்டாரும் எதிர்த்துப் பேசவில்லை. இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்களாம். அச்சில் வந்த கதையாயிற்றே!

அஜ்ஜி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கண் மங்கிவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி இல்லையே இது என்று மெதுவாகக் கேட்டேன்.

"பேப்பர்ல வந்துடுச்சே, அப்பா. இனிமே அஜ்ஜி சொன்னா யார் கேப்பாங்க?"

அதில் கோபம் இல்லை. நான்தான் எழுதினேன் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எழுந்து செருப்பைத் தேடினேன். வாசல் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த செவலை நாய் ஒன்று என்னைப் பார்த்து விடாமல் குரைத்தது. பேரன் ஓடிவந்து அதட்டி அடக்கினான். வாங்கி ஆறு மாசந்தான் ஆகிறது, புது ஆளைக் கண்டால் விடாது சார் என்று பெருமையாகச் சொன்னான்.