பிள்ளைப் பாடல்களும் மொழிப் பாடமும்

மொழி பயிலும் இளஞ்சிறார் பாடவேளையிற் சோர்வுறுவது அறிவுக் குறையால் அன்று. கற்கும் சொல்லுக்கும் தம் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு அவர்க்குப் புலப்படாமையாலேயே பெரும்பாலும் அச்சோர்வு நிகழ்கின்றது. இக்குறையை நீக்கும் வழியை ஆராய்வார்க்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) பிள்ளைப் பாடல்கள் தக்க சான்றாகும். வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த புலவர், பிள்ளைகளின் செவியும் நாவும் விரும்புவது இதுவென நன்கறிந்தவர்.

அவருடைய ஆடிப்பிறப்புப் பாடலை நோக்குக. விடுமுறை மகிழ்ச்சியில் தொடங்கும் அது, கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் முறையை வரிசைப்பட உரைக்கின்றது. வறுத்தல், இடித்தல், தெள்ளுதல், பலாவிலை மடித்தல் முதலிய வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பிள்ளை அவற்றைக் கையால் நடித்துக்கொண்டே பாடுமாயின், வினைச்சொற்கள் பொருளோடு ஒன்றி உள்ளத்திற் பதியும். கத்தரி வெருளிப் பாடலோ, கூலி வாங்காத காவலனாக வெருளியை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றது. ஒரு மாணவனை வெருளியாக நிறுத்தி ஏனையோர் அவனை வினாவினால், விளிவேற்றுமையும் முன்னிலை வினையும் இலக்கணப் பெயரின்றியே வாயில் வந்தமையும்.

இத்தகைய பாடல்களும் வகுப்பறையிற் பயனிழத்தல் உண்டு. பாடி முடியுமுன்னரே அரும்பதப் பொருள் எழுதுவித்தலும், பிழையின்றி ஒப்புவியாதானை ஒறுத்தலும் பாட்டைத் தண்டனையாக்கிவிடும். முதலிற் பாடுதல், பின் ஆடுதல், அதன்பின் உரையாடுதல், இறுதியில் எழுதுதல் என்பதே இயல்பான முறை.

இப்பாடல்களுக்கு எல்லையும் உண்டு. ஒரோவழி வரும் செய்யுட் சொற்கள் இளஞ்சிறார்க்கு எளிதில் எட்டா. அன்றியும், யாழ்ப்பாணத்துப் பனையும் கூழும் அவற்றின் உயிர்நிலை. இன்று கொழும்பிலும் கனடாவிலும் தமிழ் பயிலும் பிள்ளைகள் பலர்க்கு அவை வெறுஞ் சொற்களே. ஆண்டுப் பிள்ளைக்குப் பரிச்சயமாயிருந்தமையாற் சுவைத்த பாட்டு, ஈண்டுப் பிள்ளைக்குப் பரிச்சயமின்மையாற் சுமையாதல் கூடும்.

அதனால் அவற்றைத் தள்ளுதல் வேண்டா. பலாவிலையையோ பனங்கட்டியையோ வகுப்பிற்குக் கொணர்ந்து காட்டுதல் ஒரு வழி. தம் வீட்டு விழாவையும் தம் தெருக் காட்சியையும் அதே சந்தத்திற் பிள்ளைகளே பாடுமாறு தூண்டுதல் அதனினும் சிறந்த வழி. புலவர் தம் ஊரைப் பாடினார். பிள்ளைகள் தம் ஊரைப் பாடட்டும். பாட்டைக் காப்பதோடு, அது பிறந்த முறையையும் காப்பதே மொழியாசிரியர்க்குரிய கடன்.