மரியோவும் அதியமான் நெல்லிக்கனியும்

40 கிலோபைட். காலையில் உங்கள் செல்போனில் வந்து விழும் ரோஜாப்பூ போட்ட 'குட்மார்னிங்' படம் பெரும்பாலும் இதைவிடப் பெரிசு. இந்த 40 கிலோபைட்டுக்குள் 8 உலகங்கள், 32 கட்டங்கள், ஆமைகள், மீன்கள், சுத்தியல் வீசும் வில்லன்கள், மீசை வைத்த ஒரு பிளம்பர், மறக்கவே முடியாத சில மெட்டுகள் எல்லாவற்றையும் அடைத்து வைத்தார்கள். 1985 செப்டம்பர் 13-ம் தேதி ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'தான் அது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா என்ற இருவர் தலைமையில் உருவானது.

'இதற்கெல்லாம் ஒரு விமரிசனமா?' என்று கேட்கிறீர்களா? சினிமாவுக்கு எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம். 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஒரு சமாசாரத்துக்கு எழுதக் கூடாதா? அதுவும் இந்த 4 கோடியில் நம்மூர்க் கணக்கு சேரவில்லை. நம் வீடுகளுக்கு வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை நகல்கள். ஃபேமிகாம் என்ற அசல் ஜப்பான் பெட்டியைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த டூப்ளிகேட் பெட்டிகள். ரஷ்யாவில் அதற்கு டெண்டி என்று பெயர், போலந்தில் பெகாசஸ். நம்மூரில் பொதுவாக 'டி.வி. கேம்'. கூடவே ஒரு மஞ்சள் கேசட். மேலே '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் உருப்படியாகப் பத்துப் பன்னிரண்டு தேறும். ஓடவில்லை என்றால் கேசட்டின் வாயில் ஊத வேண்டும். 'ஊதாதீர்கள், உள்ளே கெட்டுப்போகும்' என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. யார் கேட்டார்கள்?

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்தால்தான் எனக்குப் புரியும். முதலில் வரவுப் பக்கம்.

இந்த விளையாட்டின் மிகப் பெரிய பலம், அது வாத்தியார் வேலையைச் சத்தமில்லாமல் செய்வது. முதல் கட்டத்தைக் கவனியுங்கள். திரையின் இடது பக்கம் மரியோ நிற்கிறார். வலது பக்கம் முழுக்கக் காலி. போக வேண்டிய திசை அதுதான் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலடி போனால் முறைத்துக்கொண்டே ஒரு காளான்காரன் வருகிறான். சும்மா நின்றால் செத்தோம். பதறி ஏதோ ஒரு பட்டனை அழுத்துகிறோம், மரியோ குதிக்கிறார். அவன் தலையில் இறங்கினால் அவன் காலி. தலைக்கு மேல் கேள்விக்குறி போட்ட பெட்டி. முட்டினால் காசு. அடுத்த பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து வலது பக்கம் ஓடுகிறது. ஓடிப்போய் ஒரு குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது! 'ஐயோ, இதுவும் எதிரி' என்று பயந்து ஒதுங்கினாலும் பெரும்பாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் மரியோ பெரிதாகிறார். நல்ல காளான், கெட்ட காளான் வித்தியாசம் சில விநாடியில் புரிந்துவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் தள்ளி எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். நடுவில் இடைவெளி. ஆனால் கீழே தரை இருக்கிறது, தவறி விழுந்தாலும் சாவு இல்லை. அதைத் தாண்டியதும் அதே மாதிரி இன்னொரு ஜோடிப் படிக்கட்டு. இந்த முறை நடுவில் பள்ளம். விழுந்தால் அவ்வளவுதான். முதலில் ஒத்திகை, பிறகு பரீட்சை. எத்தனை பள்ளிக்கூடங்களில் இந்த வரிசையில் பாடம் நடக்கிறது?

இரண்டாவது பலம், அந்தக் குதி. அதற்கு முன்னால் வந்த பல விளையாட்டுகளில் குதிப்பது என்றால் ஒரே உயரம், ஒரே தூரம். மரியோவில் பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. ஓடி வந்து குதித்தால் இன்னும் தூரம். அந்தரத்தில் இருக்கும்போதே கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்துகொள்ளலாம். ஓட்டத்தில் இருந்து சட்டென்று நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார், வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்பார். லோடு ஏற்றிய லாரி தொப்பூர் இறக்கத்தில் நினைத்த இடத்தில் நிற்குமா? அது மாதிரி. அந்தச் சின்ன உருவத்துக்கு எடை இருக்கிறது என்று நம் கட்டைவிரலுக்குத் தெரிகிறது. 40 வருஷம் கழித்தும் இது பழசாகாததற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது, சிக்கனம். வானத்தில் இருக்கும் மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை. மரியோவின் மீசையே சிக்கனத்தில் பிறந்ததுதான். 1981-ல் 'டாங்கி காங்' விளையாட்டில் முதன்முதலாக அவரை வரைந்தபோது, அத்தனை சின்ன இடத்தில் வாய் வரைய முடியவில்லை, மீசை வைத்தார்கள். தலைமுடியை வரைந்து அசைக்க முடியவில்லை, தொப்பி மாட்டினார்கள். இல்லாமையை ஒரு முகமாக மாற்றியது சாதாரணக் காரியமில்லை.

இசையைச் சொல்லாமல் விடக் கூடாது. கோஜி கோண்டோ போட்ட அந்த முதல் கட்டத்து மெட்டை 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை அதுதான்.

சரி, செலவுப் பக்கத்துக்கு வருவோம்.

32 கட்டங்கள் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? அதில் ஐந்து, பழைய சரக்கு. 5-3 என்பது 1-3தான். மிதக்கும் பலகையைக் கொஞ்சம் குட்டையாக்கி, பீரங்கிக் குண்டுகளைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். 5-4 என்பது 2-4, 6-4 என்பது 1-4, 7-2 என்பது 2-2, 7-3 என்பது 2-3. காலையில் மிஞ்சிய இட்லியை உதிர்த்து, கடுகு தாளித்து சாயங்காலம் உப்புமா என்று வைப்பதில்லையா, அந்தக் கதை. இட்லி உப்புமா தப்பில்லை. ஆனால் ஐந்து முறை வைத்தால் வீட்டில் முணுமுணுப்பார்கள்.

அடுத்தது கோட்டைகள். 4-4, 7-4 இரண்டிலும் மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி. தப்பான வழியில் போனால் சாக மாட்டீர்கள். அதே இடம் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும். எது சரி, எது தப்பு என்று ஒரு சத்தம்கூட வராது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கடிகாரமும் யோக்கியமில்லை. 400 என்று ஆரம்பிப்பது 400 விநாடி இல்லை, நிஜத்தில் மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. முதல் கட்டத்தில் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், கடைசியில் சிலபஸில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு எங்கள் ஊர் சரித்திரம் துணைக்கு வருகிறது. தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். ஆயுளை நீட்டிக்கும் அபூர்வ நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது, அதைத் தான் சாப்பிடாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மரியோவிலும் ஆயுளை நீட்டிக்கும் கனி உண்டு. பச்சைக் காளான். முதல் கட்டத்திலேயே, முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. கிடைத்தால் ஓர் உயிர் கூடுதல். ஆனால் அதைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்க முடியாது.

ஏனென்றால் இரண்டு பேர் ஆட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, அவர்கள் செய்தது இதுதான்: மரியோ செத்தால் தம்பி லூயிஜி வருவார், லூயிஜி செத்தால் மரியோ வருவார். இருவரும் ஒரே திரையில் சேர்ந்து வருவதே இல்லை. அண்ணன் நன்றாக ஆடினால் தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆக, அண்ணன் எப்போது பள்ளத்தில் விழுவான் என்று தம்பி வேண்டிக்கொள்ளும் விளையாட்டு. பெயரில் மட்டும் 'பிரதர்ஸ்'! பின்னால் வந்த 'கான்ட்ரா'வில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோளோடு தோள் நின்று சுடலாம். நம்மூரில் அண்ணன் தம்பி ஜோடிகள் மரியோவை விட்டுவிட்டு கான்ட்ராவுக்குத் தாவியதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது பெரிய குற்றச்சாட்டு. இந்த விளையாட்டில் திரும்பிப் போக முடியாது. திரை வலது பக்கம் மட்டுமே நகரும். விட்ட காசு விட்டதுதான். ஆடியவரை சேமித்து வைக்கவும் முடியாது. மூன்று உயிர். தீர்ந்தால் மறுபடி 1-1. ஏழாவது உலகத்தில் செத்தாலும் 1-1. கரண்ட் போனாலும் 1-1.

இது யாரைப் பாதிக்கிறது என்று யோசியுங்கள். சொந்தப் பெட்டி உள்ளவனை இல்லை. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது. தொண்ணூறுகளில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை உண்டு. மூன்று டி.வி., மூன்று ஸ்டூல், மணிக்கணக்குக் காசு. பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் டவுனுக்குப் படிக்க வந்த பையன்கள், பஸ் வருவதற்குள் அரை மணி நேரம் ஆடிவிட்டுப் போவார்கள். "அண்ணா, இன்னும் ரெண்டே நிமிஷம்ணா, கோட்டைக்குள்ள போயிட்டேன்" என்று கெஞ்சுவார்கள். "டைம் ஆச்சு தம்பி, எந்திரி" என்று சுவிட்சை அணைத்துவிடுவார் கடைக்காரர். அடுத்த வாரம் வந்தால் மறுபடி 1-1. குறுக்கு வழி தெரியாமல் எல்லாக் கட்டங்களையும் ஆடினால் கைதேர்ந்தவர்களுக்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கற்றுக்கொண்டு இருப்பவனுக்கு அரை மணி எந்த மூலைக்கு? அந்தப் பையன்களில் பலருக்கு முதல் உலகம் மனப்பாடம், எட்டாம் உலகம் வதந்தி.

இதில்தான் எனக்குப் பொறுக்க முடியாத ஒரு விஷயம். மறுபடி தொடர ஒரு வழி அந்த கேசட்டுக்குள்ளேயே இருந்தது. எல்லா உயிரும் போய், ஆட்டம் முடிந்து, முதல் திரைக்கு வந்ததும் 'ஏ' பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். எந்த உலகத்தில் செத்தீர்களோ, அந்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம். ஆனால் இதைத் திரையில் எங்கேயும் சொல்லவில்லை. தெரிந்தவன் சொன்னால்தான் உண்டு. முதல் கட்டத்தில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் எல்லாவற்றையும் புரிய வைத்த கெட்டிக்காரர்கள், மிக முக்கியமான கதவை மட்டும் இருட்டில் வைத்துவிட்டார்கள். சாவி பக்கத்து வீட்டுக்காரனிடம் இருந்தது. அந்தப் பக்கத்து வீடு ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் போனாலும் ஆட்டம் நினைவில் நிற்கிற வசதி, 1985-ல் அந்தச் சின்ன கேசட்டில் சுலபமில்லை. 1986-ல் இதே மியாமோட்டோ, தெசுகா கூட்டணி செய்த 'செல்டா'வில், காந்தத் தட்டு வந்த பிறகு, சேமிக்கும் வசதி வந்துவிட்டது. எனவே சேமிப்பு இல்லாததை மன்னிக்கலாம். இருந்த வழியைச் சொல்லாமல் விட்டதை மன்னிப்பது கஷ்டம்.

'கஷ்டமாக இருந்தால்தானே மதிப்பு?' என்று ஒரு கட்சி உண்டு. பாதி சரி. இன்று நின்டெண்டோவின் ஸ்விட்ச் சந்தாவில் இதே மரியோ கிடைக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் பட்டனை அமுக்கிக் காலத்தைப் பின்னால் ஓட்டிக்கொள்ளலாம். நினைத்த இடத்தில் சேமிக்கலாம். ஆடிப் பாருங்கள், சப்பென்று இருக்கும். விழ மாட்டோம் என்று தெரிந்துவிட்டால் குதிக்கு எடை போய்விடுகிறது. பயமில்லாத மரியோ, உப்பில்லாத மாங்காய்.

விழுந்த ஒவ்வொரு முறையும் தூக்கிவிடுவது ஒரு கோடி. விழுந்தால் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவது இன்னொரு கோடி. அந்த ரகசியப் பட்டன் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தோற்றதற்குத் தண்டனை உண்டு, அந்த உலகத்தின் ஆரம்பத்துக்குப் போ. ஆனால் நீ கடந்து வந்த உலகங்கள் உன்னுடையவைதான். எட்டாம் வகுப்பில் தோற்ற பையனை யாராவது எல்.கே.ஜி.யில் உட்கார வைப்பார்களா? இதைவிட நேர்மையான விதி ஒரு விளையாட்டுக்கு வேறு கிடையாது.

கணக்கை முடிக்கிறேன். குதிக்கு நூற்றுக்கு நூறு. முதல் கட்டத்துக்கு நூறு. மெட்டுக்கு நூறு. உப்புமாவுக்கு ஐம்பது. கோட்டைச் சுற்றலுக்கு முப்பது. அண்ணன் தம்பி ஏற்பாட்டுக்கு இருபது, அதுவும் லூயிஜியின் வெள்ளைத் தொப்பிக்காக.

குறுக்கு வழிகளையும் சில வித்தைகளையும் வைத்து ஐந்து நிமிஷத்துக்குள் இந்த விளையாட்டை முடிக்கிறவர்கள் இன்று உலகத்தில் இருக்கிறார்கள். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். நீங்கள் அப்படி ஆட வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த விடுமுறையில் ஒரு முறை உட்கார வையுங்கள். காலத்தைப் பின்னால் ஓட்டும் வசதியைத் தொடாதே என்று சொல்லுங்கள். மூன்று உயிரும் போய், முகம் சுருங்கி, 'போங்கப்பா, மறுபடி முதல்லேர்ந்தா?' என்று கேட்கும்போது, அந்தப் பட்டனைக் காட்டிக்கொடுங்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஒரு தடவையாவது 1-1க்குத் திரும்பிப் போய்விட்டு வரட்டும்.