மரப்பொம்மையின் பசி

கார்லோ கொலோடியின் 'பினோக்கியோ'வை நான் முதலில் நிராகரித்தது ஒரு விமர்சகனாகத்தான். கீழ்ப்படிகிற பிள்ளை மனிதனாவான், கீழ்ப்படியாத பிள்ளை கழுதையாவான். குழந்தையின் உடலைப் பள்ளிக்கும் உழைப்புக்கும் பழக்கித் தருகிற பிரதி இது என்று எழுதியும் இருக்கிறேன். அதற்கு ஆதாரமும் இருந்தது. இத்தாலியில் 1877இல் வந்த கொப்பீனோ சட்டம் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதே காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்தவர் கொலோடி. 1881இல் ஒரு சிறுவர் வார இதழில் தொடங்கி 1883இல் நூலான இந்தக் கதையில் அரசின் குரலைத் தவிர வேறு எது கேட்கும்? ஃபூக்கோவைப் படித்த சூட்டில் கேட்ட கேள்வி இது.

அந்த வாசிப்பு தப்பு என்று சொல்ல வரவில்லை. அது பாதி வாசிப்பு. மீதிப் பாதியைக் காட்டியது எங்கள் ஊர் நெசவாளர் தெருவில் போட்ட ஒரு நாடகம்.

போட்டவர்கள் யாரும் நாடகக்காரர்கள் இல்லை. ஒரு தச்சர், தறி ஓட்டுகிற இரண்டு பேர், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ஒரு அக்கா, தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதற்குத்தான் இந்தக் கதை. வசனத்தைச் சரிபார்த்துத் தர என்னைக் கூப்பிட்டார்கள். பிரதியில் இருந்த அதே உபதேசம் தெருவுக்கும் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் ஒத்திகைக்குப் போனேன்.

முதல் நாளே இடறியது. ஜெப்பெட்டோவாக நடித்த தச்சர், "மரத்த இப்படிப் புடிச்சா உளி வழுக்கும் சார், கைதான் போவும்" என்று என்னைத் திருத்தினார். புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் முடிகிற செதுக்கல் அவர் கையில் ஐந்து நிமிஷம் எடுத்தது. அதுவரை ஜெப்பெட்டோ எனக்கு 'தந்தை', அதாவது அதிகாரத்தின் குறி. இங்கே வேலை இல்லாத ஒரு தொழிலாளி. அவன் வீட்டில் அடுப்பும் நெருப்பும் கொதிக்கிற பானையும் சுவரில் வரைந்த சித்திரம் மட்டுமே. இது கொலோடி எழுதிய விவரம்தான். வேடிக்கை என்று நான் தாண்டிப்போன விவரம்.

பிறகு பேரிக்காய்க் காட்சி. ஜெப்பெட்டோ தன் காலைச் சாப்பாடான மூன்று பேரிக்காயையும் பொம்மைக்குக் கொடுத்துவிடுகிறான். தோல் சீவினால்தான் தின்பேன் என்று அடம் பிடிக்கிற பொம்மை, கடைசியில் தோலையும் நடுக்கட்டையையும் கேட்டு வாங்கித் தின்கிறது. 'உணவை வீணாக்காதே' என்கிற பாடமாக இதைப் படித்திருந்தேன். பினோக்கியோவாக நடித்த சிறுமி ஒரு துண்டையும் மிச்சம் வைக்காமல் உண்மையாகவே தின்றாள். அவள் தின்று முடிக்கிறவரை நாடகம் காத்திருந்தது. சனமும் காத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அங்கே பாடம் எதுவும் இல்லை. பசி மட்டும் இருந்தது.

இதை இப்படிச் சொல்லலாம். கதை நெடுக புத்திமதி சொல்கிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்: சுவர்க்கோழி, கருங்குருவி, தேவதை. காகிதத்தில் எல்லா வாக்கியத்துக்கும் ஒரே கனம். நிகழ்த்துதலில் அப்படி இல்லை. புத்தி சொல்கிறவன் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். பசிக்கிறவன் அங்கேயே நிற்கிறான். டிஸ்னியின் 1940ஆம் வருஷப் படத்தில் மனச்சாட்சியாகக் கூடவே வருகிற அந்தப் பூச்சியைக் கொலோடி நான்காம் அத்தியாயத்திலேயே மரச்சுத்தியால் அடித்துக் கொன்றுவிடுகிறார். சிறுமி தச்சரின் கொட்டாப்புளியை எடுத்து வீசியபோது பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

தன் கோட்டை விற்று ஜெப்பெட்டோ வாங்கித் தந்த அரிச்சுவடியை விற்றுவிட்டுப் பினோக்கியோ போவது எங்கே? பொம்மலாட்டம் பார்க்க. பள்ளிப் பிரச்சாரத்துக்கு இதைவிட இடைஞ்சலான காட்சி வேண்டுமா? வெட்டிவிடலாமா என்று பேச்சு வந்தது. "புள்ள ஆசப்பட்டுப் போவுது, அதுல என்ன தப்பு?" என்றார் சத்துணவு அக்கா. காட்சி தப்பித்தது. தங்கக் காசைப் பறிகொடுத்தவன் புகார் சொல்லப் போக, குரங்கு நீதிபதி அவனையே சிறையில் போடுகிறது. பொது மன்னிப்பு வரும்போது 'நானும் அயோக்கியன்தான்' என்று சொன்னால்தான் வெளியே வர முடிகிறது. இதற்கு எழுந்த சிரிப்பு எந்த உபதேசத்துக்கும் எழவில்லை.

கொலோடி ஒரு பிரபு வீட்டுச் சமையல்காரரின் மகன். கல்விச் சட்டத்தை முன்வைத்து 'ரொட்டியும் புத்தகங்களும்' என்றொரு கட்டுரை எழுதியவர். ஏழைகளின் தலையைப் பற்றி யோசித்தது போதும், கொஞ்சம் வயிற்றைப் பற்றியும் யோசிப்போம் என்பது அதன் சாரம். 1956இல் மதிய உணவும் 1982இல் சத்துணவும் வந்த தமிழ்நாட்டில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அரசின் குரலும் பசித்தவனின் குரலும் ஒரே பிரதிக்குள் மல்லுக்கட்டுகின்றன. முதல் குரலை மட்டும் கேட்டது என் கோட்பாட்டுக் காது.

நாடகம் முழுக்க நன்றாயிருந்தது என்று சொல்ல மாட்டேன். சுறா வயிற்றுக் காட்சி இழுவை. தேவதை வாயைத் திறந்தால் சொற்பொழிவு.

முடிவுதான் சிக்கலானது. 1881 அக்டோபரில் பொம்மையை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார் கொலோடி. வாசகர்கள் கேட்டதால் தொடர்ந்தார். கடைசியில் பினோக்கியோ நிஜப் பையனாகிறான். பழைய மரப்பொம்மை நாற்காலியில் தலை சாய்ந்து, கை தொங்கிக் கிடக்கிறது. 1936இல் இதே கதையை ருஷ்ய மொழியில் 'புரத்தீனோ'வாக மாற்றி எழுதிய அலெக்ஸேய் டால்ஸ்டாய் பொம்மையைப் பையனாக்கவில்லை. அவருடைய பொம்மைகள் சொந்த நாடக அரங்கை அடைகின்றன. இந்த முடிவை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். குழு கேட்கவில்லை. அவர்களுக்குப் பள்ளிச் சீருடை வேண்டும்.

"நான் எங்க நிக்கணும்? பொம்மயாவா, புள்ளயாவா?" என்று கேட்டாள் சிறுமி. இரண்டுக்கும் இருப்பது ஒரே உடல். கடைசியில் அட்டை மூக்கையும் கை கால் கட்டைகளையும் நாற்காலியில் சாய்த்துவிட்டு, சீருடையில் வந்து அதைப் பார்த்து நின்றாள். பொம்மையாக இருந்தபோது எவ்வளவு கோமாளியாக இருந்தேன் என்று மகிழ வேண்டிய இடம் அது. வசனத்தைச் சொன்னாள். குரலில் மகிழ்ச்சி இல்லை. முன்வரிசையில் ஒரு பொடியன், "பொம்ம செத்துப்போச்சாக்கா?" என்று சத்தமாகக் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

கீழ்ப்படிதலின் வெற்றி என்று நான் எழுதிய அதே முடிவு. அதற்குக் கொடுத்த விலையும் அங்கேயே, நாற்காலியில் கிடக்கிறது. கொலோடி அதை மறைக்கவில்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளை எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பள்ளிக்கு அனுப்ப விரும்புகிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தப் பொடியன் கேட்டுவிட்டான்.