ஹூடினியைக் கொன்றது எது?

மாயவித்தைக்காரர் ஹூடினி 1926இல் இறந்த கதையை நீங்கள் படித்திருக்கலாம். மாணவன் ஒருவன் வயிற்றில் குத்தியதால், அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வால் வெடித்து மாண்டார் என்பார்கள். சுவையான கதைதான், ஆனால் பாடத்தை மறைத்துவிடுகிறது.

அடிபட்டுக் குடல்வால் அழற்சி வருவது மிக அரிது. பெரும்பாலும் குடல்வாலின் வாய் அடைபட்டு, உள்ளே கிருமிகள் பெருகி, அது வீங்குகிறது. ஹூடினி டெட்ராய்ட் நகரை அடைந்தபோது வலியோடு கடும் காய்ச்சலும் இருந்தது. மருத்துவமனைக்குப் போகும்படி மருத்துவர் சொன்னார். அவரோ அக்டோபர் 24ஆம் நாள் மேடையேறினார். மறுநாள் அறுவை செய்தபோது குடல்வால் வெடித்திருந்தது. பென்சிலின் கண்டறியப்படாத காலம் அது; 31ஆம் நாள் இறந்தார்.

கதை குத்தைப் பழிக்கிறது. எச்சரிக்கையைப் புறக்கணித்ததைச் சொல்வதில்லை. நாமும் 'குடல் ஏறிவிட்டது' என்று வயிற்றைத் தடவுகிறோம், விளக்கெண்ணெய் கொடுக்கிறோம். வீங்கிய குடல்வாலுக்கு இரண்டுமே கேடு.

தொப்புளருகே தொடங்கும் வலி சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு நகரும். பசியின்மை, வாந்தி, காய்ச்சல் ஆகியவையும் சேரலாம். எல்லாருக்கும் இதே வரிசையில் வருவதில்லை. வலி திடீரெனக் குறைந்தாலும் மகிழ வேண்டாம், குடல்வால் வெடித்திருக்கலாம்.

நம் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். மண்டபத்தூர் மீனவர் ஒருவருக்குக் கரையில் இவ்வலி கண்டால், காரைக்கால் அரசு மருத்துவமனை சில கிலோமீட்டரில் இருக்கிறது. பொறுத்துக்கொண்டு படகேறினால், நடுக்கடலில் மருத்துவர் ஏது? ஆகவே ஹூடினியின் கதையைச் சொல்லும்போது, குத்தோடு நிறுத்தாதீர்கள். அவர் மேடையேறிய அந்த இரவையும் சொல்லுங்கள்.