சில்லறை எனப்பட்ட செல்வம்: குமுதினியின் நகைச்சுவை

தமிழ் நகைச்சுவை உரைநடை குறித்துப் பேசுவோர் கல்கி, எஸ்.வி.வி., தேவன் ஆகியோரைத் தவறாது குறிப்பிடுவர். அவர்களைப் போன்றே ஆனந்த விகடனில் எழுதிய குமுதினியைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. திருவரங்கத்தில் வாழ்ந்த ரங்கநாயகி தாத்தாச்சாரி (1905–1986) தாகூரின் நாவல் தலைவி ஒருத்தியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டவர், காந்திய நெறியினர். இவருடைய கட்டுரைகள் 1948இல் 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்' என நூலாயின.

தலைப்பிலேயே நகை தொடங்கிவிடுகிறது. பெண்டிர் பேச்சைச் 'சில்லறை' என ஒதுக்குவோரின் சொல்லை எடுத்து, அதனுடன் 'லிமிடெட்' என்னும் வணிக மிடுக்கைச் சேர்த்துவிடுகிறார்.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு களன்களைக் கூறும். குமுதினி புனைந்த அந்தப்புரக் கடிதங்களுள் ஒன்றில் சீதை தன் தாய்க்குப் புடவை பற்றி எழுதுகிறாள். முதலில் அது இளமையின் நகையாகவே தோன்றும். காடேகும் செய்தி வந்ததும் புடவைக் கவலை பொருளற்றுப் போகிறது, நகை அவலமாகிறது. அரசியல் முடிவின் விலையைப் பெண்ணின் உடைப்பெட்டியைக்கொண்டு அளக்கும் இந்நுட்பம் எளிதில் வாய்ப்பதன்று.

இவரது உலகம் உயர்குடி இல்லத்தின் எல்லைக்குட்பட்டது என்பது உண்மையே. ஆயினும், அவ்வெல்லைக்குள் பெண் நகைக்கப்படுபவளாக அன்றி நகைப்பவளாக நிற்கிறாள். நாவலையும் சிறுகதையையும் முதன்மைப்படுத்தும் இலக்கிய வரலாறு, சிறு கட்டுரையைப் புறந்தள்ளியபோது இக்குரலையும் இழந்தது. புக்கிட் மெர்தாஜாமிலாயினும் திருச்சியிலாயினும், உரைநடை கற்பிக்கும் ஆசிரியர் இந்நூலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லின் அவ்விழப்பு ஓரளவு ஈடாகும்.