உப்பளக் கரையும் 600 மி.மீ. லென்ஸும்

ஒரு பெரிய கேமரா நிறுவனம் அடுத்து வெளியிடப்போகும் கருவியை எதிர்பார்த்துக் காத்திருப்பதைப் பொருளாசை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. பல வேளைகளில் அந்தத் தீர்ப்பு சரியானதே. ஆயினும் கருவியின் அருமை அறிந்தவரிடம் இந்தக் காத்திருப்பு வேறொரு குணம் கொள்கிறது: தாம் பழகிய நிலத்தின் ஒளியையும் காற்றையும் தொலைவையும் கணக்கில் கொண்டு, அந்த நிலம் கேட்பது எது, கையிலுள்ள கருவி தராமல் விடுவது எது என்று எண்ணிப் பார்த்து, வரவிருக்கும் லென்ஸின் வடிவத்தை அது வருமுன்பே அவர் மனத்தில் வரைந்துகொள்கிறார். ஆரோவிலுக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மரக்காணம் வரை விரியும் கழுவெளியும் உப்பளங்களும் இத்தகைய ரசனையை உரசிப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்ற இடம்.

கழுவெளி என்பது விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் ஆழமற்ற நீர்நிலை. தெற்கே மழைநீர் தேங்கி நன்னீராகவும், வடக்கே கழிமுகத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி உவர்நீராகவும் இருப்பதால், ஒரே நீர்ப்பரப்பில் வெவ்வேறு உணவு தேடும் பறவைகள் கூடுகின்றன. இதன் 5,151.6 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து உப்பளப் பாத்திகளில் மீண்டும் உவர்நீர் பாய்ச்சப்படும் மாதங்களும், வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பிச் செல்லாத மாதங்களும் சிறிது காலம் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் ஊசிவால் வாத்தும் ஆலாவும் ஒருங்கே காணக்கிடைக்கும் காலம் அது.

ஆனால் நிலம் தட்டையானது. மரமோ புதரோ மறைவுக்கு இல்லாத இடங்களே மிகுதி. வரப்பின்மீது ஒருவர் நடந்தாலே பறவைக் கூட்டம் அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிடும். ஆகவே இங்கே ஒளிப்படம் எடுப்பவருக்குக் குவியத் தொலைவு மிகுந்த லென்ஸ் தேவைப்படுகிறது. குவியத் தொலைவு கூடக்கூடத் தொலைப்பொருள் படத்தில் பெரிதாக விழும், 50 மி.மீ. லென்ஸைக் காட்டிலும் 600 மி.மீ. லென்ஸில் அதே பறவை நீளவாக்கில் 12 மடங்கு பெரிதாகப் பதிவாகிறது. தொலைவு மட்டுமே இடர் அன்று. நுண்ணிய உப்புத் துகளைச் சுமந்து வரும் ஈரக்காற்று, லென்ஸின் இணைப்புகளுக்குள் புகுந்து உலோகத்தை அரிக்கவும் கண்ணாடியின்மேல் படியவும் எப்போதும் காத்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், நிக்கான் நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட லென்ஸுக்காகப் பறவை ஒளிப்படக்காரர்கள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காத்திருந்ததன் பொருள் விளங்கும்.

அந்தக் காத்திருப்பின் வேர் 2018இல் இருக்கிறது. கேமராவின் உடற்பகுதியை ஒளிப்படக்காரர்கள் ‘பாடி’ என்பர். பாடியும் லென்ஸும் பூட்டிக்கொள்ளும் உலோக வளையம் ‘மவுண்ட்’ எனப்படும். நிக்கான் 1959இல் தன் எஃப் கேமராவுடன் அறிமுகப்படுத்திய மவுண்ட் அறுபது ஆண்டுகளை எட்டும் அளவுக்கு நிலைத்தது. அதில் வளையத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே 46.5 மி.மீ. இடைவெளி இருந்தது, எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில் ஒளியை மேல்நோக்கித் திருப்பும் ஆடி ஒன்று ஏறி இறங்க அந்த இடம் வேண்டியிருந்தது. ஆடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்காக 2018இல் வந்த இசட் மவுண்ட் அந்த இடைவெளியை 16 மி.மீ. ஆகக் குறைத்து, வளையத்தின் உள்விட்டத்தை 55 மி.மீ. ஆக அகலமாக்கியது. பெரிய கண்ணாடி ஒன்றை, படம் விழும் தளமான சென்சாருக்கு அருகில் வைக்க முடிந்தால், படத்தின் ஓரங்களுக்குச் செல்லும் ஒளியை அதிகம் வளைக்காமலே கொண்டுசேர்க்கலாம். லென்ஸ் வடிவமைப்பாளருக்குக் கிடைத்த இந்த உரிமையே உண்மையான புதுமை. அந்த ஆண்டின் விளம்பரங்களில் முன்னே நின்ற பிற அம்சங்கள் பலவும் இன்று நினைவில் இல்லை.

மவுண்ட் மாறும்போது பழைய லென்ஸ் வைத்திருப்பவர் கைவிடப்படுவாரோ என்ற அச்சம் எழுவது இயல்பு. கேனான் 1987இல் எஃப்.டி. மவுண்டை விடுத்து இ.எஃப். மவுண்டுக்கு மாறியபோது அதன் வாடிக்கையாளர்கள் அதை உணர்ந்தனர். நிக்கான் இதற்கு விடையாக எஃப்.டி.இசட். என்னும் இணைப்பு வளையத்தைத் தந்தது, 46.5இலிருந்து 16ஐக் கழித்தால் வரும் 30.5 மி.மீ. இடைவெளியை அது நிரப்புகிறது, உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. உள்ளே மோட்டார் கொண்ட பழைய லென்ஸ்கள் அதன் வழியே தாமாகக் குவியம் கொள்ளும். பாடியிலிருந்து திருகாணியால் இயக்கப்பட்ட அதற்கும் முந்தைய லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். இதனால் 2015இல் வெளிவந்த 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸைப் பயன்படுத்தியவர்கள் புதிய பாடியிலும் அதைத் தொடர முடிந்தது. கூர்மையில் குறை சொல்ல முடியாத லென்ஸ் அது. ஆனால் அதன் குழல், குவியத் தொலைவைக் கூட்டும்போது முன்னே நீளும். குறைக்கும்போது உள்ளே இழுபடும். ஒவ்வொரு முறையும் கொல்லன் துருத்தி போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் இந்த அமைப்பு, மலைக்காட்டில் பொருட்படுத்தத் தக்கதன்று. உப்பளத்தில் பொருட்படுத்தியே ஆகவேண்டும்.

2019 அக்டோபரில் நிக்கான் வெளியிட்ட இசட் லென்ஸ் வரைபடத்தில், அதாவது இனி வரவிருக்கும் லென்ஸ்களின் குவியத் தொலைவுகளை மட்டும் முன்கூட்டியே அறிவிக்கும் பட்டியலில், ‘200-600’ என்ற எண்கள் இடம்பெற்றன. எடையோ, எஃப் எண்ணால் குறிக்கப்படும் அப்பெர்ச்சர் (ஒளி புகும் துளை) அளவோ, விலையோ சொல்லப்படவில்லை. அதே ஆண்டின் ஜூனில் சோனி தன் 200-600 மி.மீ. லென்ஸை வெளியிட்டிருந்தது, அதன் குழல் நீளாமல் கண்ணாடிகள் உள்ளேயே நகர்ந்தன. ஆகையால் நிக்கான்காரர்கள் எதிர்பார்த்தது வெற்று எண்ணை அன்று, குறிப்பிட்ட ஓர் உள்ளமைப்பை. பெருந்தொற்றுக் காலம் இடைப்பட்டது; பட்டியலில் அருகே இருந்த 100-400 மி.மீ. லென்ஸ் 2021 அக்டோபரில் வந்துவிட்டது, 200-600 வரவில்லை. இறுதியில் 2023 ஜூனில் அது 180-600 மி.மீ. எஃப் 5.6-6.3 என்ற பெயரில் வந்தது. குழல் நீளவில்லை. முக்காலி வளையம் இல்லாமல் எடை 1,955 கிராம். 180இலிருந்து 600 வரை செல்ல வளையத்தை ஏறத்தாழ 70 பாகை திருப்பினால் போதும். மணிக்கட்டின் ஒரே அசைவில் முழு வீச்சும் கடக்கப்படுவதும், நடுவே எடை முன்னுக்குச் சாயாததும் எண்களில் அடங்காத இன்பங்கள். பறந்து வரும் பூநாரைக் கூட்டத்தைத் தொடர்ந்தவாறே சட்டத்தை விரிக்கும் கைக்கே அவை புரியும்.

இதை நிக்கானின் உயர்தர ‘எஸ்’ வரிசையில் சேர்க்கவில்லை என்பதைச் சிலர் குறையாகக் கொண்டனர். அமெரிக்காவில் அதன் விலை 1,700 டாலர் அளவில் நின்றதற்கு அந்தத் துறவும் ஒரு காரணம் என்பதால், அதைக் குறை என்பது நியாயமாகத் தோன்றவில்லை. அகன்ற கண்ணாடியே நெடுந்தொலைவு லென்ஸின் பெருஞ்செலவு. ஒளியியல் கண்ணாடியை உருக்கி வார்த்த பின் மிக மெதுவாகக் குளிரவிட வேண்டும். விரைந்து குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கி, ஒளிவிலகல் இடத்துக்கிடம் மாறிவிடும். நிக்கானுக்கு இந்தப் பணியை ஜப்பானின் அகிதா மாகாணத்திலுள்ள அதன் துணை நிறுவனமான ஹிகாரி கிளாஸ் செய்கிறது. ஆரோவில் வாசகருக்கு இதை விளக்கத் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை: அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளறையில் இருக்கும் 70 செ.மீ. விட்டமுள்ள கண்ணாடி உருண்டை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் உருவானது. கூரைமேல் உள்ள நகரும் ஆடி திருப்பிவிடும் சூரியக்கதிர் அதன்மேல் விழுகிறது. குமிழியும் கீறலும் இறுக்கமும் இல்லாத அத்தனை பெரிய கண்ணாடியை உண்டாக்குவது எத்தனை பொறுமை கேட்கும் வேலை என்பதை, கேமராவுக்கு அனுமதியில்லாத அந்த அறையில் அமர்ந்து வந்தவர் எளிதில் ஊகிக்கலாம்.

எடையைக் குறைக்க நிக்கான் கைக்கொண்ட ஒரு வழி ‘ஃபேஸ் ஃப்ரெனெல்’ கண்ணாடி. பிரெஞ்சு அறிஞர் அகுஸ்தேன் ஃப்ரெனெல் 1820களில் கலங்கரை விளக்கங்களுக்காக, தடித்த லென்ஸைப் படிப்படியான வளையங்களாகப் பிரித்து மெல்லியதாக்கினார். அதே சிந்தனையை நுண்ணளவில் கொண்டுவந்து, ஒளி அலைகள் விளிம்புகளில் வளைந்து சேரும் தன்மையால் நிறப்பிரிகையைத் திருத்தும் இந்தக் கண்ணாடியால், 2023 அக்டோபரில் வந்த 600 மி.மீ. எஃப் 6.3 லென்ஸின் எடை, முக்காலி வளையம் நீங்கலாக, 1,390 கிராமுக்கு இறங்கியது. கழுவெளிக் கரையில் காலை முழுவதும் நடப்பவருக்கு அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு சிறிதன்று. எனினும் பலமான விளக்கொளி சட்டத்துக்குள் நேரே விழுந்தால் இவ்வகைக் கண்ணாடி வண்ண வளையங்களைக் காட்டக்கூடும். கீழ்வானச் சூரியனையும் அது மின்னும் பாத்திநீரையும் எதிர்கொண்டு படமெடுக்க விரும்புபவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாடிகளைப் பற்றிய காத்திருப்பு இவ்வளவு ஆழமானதன்று. 2021 அக்டோபரில் வந்த இசட் 9 இதற்கு ஒரு விதிவிலக்கு. ஒளியைத் திறந்து மூடும் இயந்திர ஷட்டர் அதில் அறவே இல்லை. சென்சாரின் வரிகளை மின்முறையில் ஏறத்தாழ 1/270 நொடியில் படித்து முடிக்கிறது. மெதுவாகப் படிக்கும் சென்சாரில், மேல்வரி படிக்கப்பட்டதற்கும் கீழ்வரி படிக்கப்படுவதற்கும் இடையே பறவை சிறகை அசைத்துவிடுவதால் சிறகு வளைந்து பதியும். இங்கே அந்தக் குறை ஏறத்தாழ மறைகிறது. ஷட்டர் ஒலியும் இல்லை என்பது கூச்சமுள்ள பறவைக்கு நல்லது. 2023 மேயில் இதே சென்சார் சிறிய இசட் 8இல் வந்தது. பறவையைத் தனியே கண்டறிந்து கண்ணில் குவியம் கொள்ளும் தெரிவு இவ்விரண்டுக்கும் பின்னர் மென்பொருள் புதுப்பிப்பாகவே கிடைத்தது. புதிய பாடிக்காகக் காத்திருந்தவர் கையிலிருந்த பாடியே புதிதானது. மின்திரைக் காட்சிக் கண்ணாடியும் உப்பளத்தில் பெரிய உதவி. கேமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பல் நிறமாகக் கருதுவதால், அம்பாரமாகக் குவித்த வெள்ளை உப்பு அதன் கணக்கில் அழுக்காகப் பதியும். வெளிச்சத்தைக் கூட்டித் திருத்தும்போது, படம் எப்படி வரும் என்பதை எடுக்குமுன்பே திரையில் காணலாம்.

ஆனால் கருவி மாறுவதால் பார்வை மாறுவதில்லை என்பதற்கு இந்தக் கரையே சான்று தருகிறது. 1950 ஏப்ரலில் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் புதுச்சேரி ஆசிரமத்தில் அரவிந்தரையும் அன்னையையும் படமெடுத்தபோது, லைக்காவின் புகழ்பெற்ற எம் 3 வெளிவர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. திருகு மவுண்ட் கொண்ட பழைய லைக்காக்களின் காலம் அது. அதே ஆண்டு ஜப்பானில் அமெரிக்க ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கானின் நிக்கார் லென்ஸ்களைக் கண்டு வியந்து, அவற்றைத் தன் லைக்காவில் பூட்டிக் கொரியப் போருக்குச் சென்றார். நிக்கானின் பெயர் உலகில் பரவியது அப்போதுதான். பாடி ஜெர்மனியது, லென்ஸ் ஜப்பானியது என்ற அந்தச் சேர்க்கையில், லென்ஸுக்கே முதலிடம் தரும் ரசனை ஒன்று தெரிகிறது.

எந்த அறிவிப்பாலும் தீராத இடர் ஒன்று எஞ்சுகிறது. வெயில் ஏறியதும் உலர்ந்த வரப்பும் உப்புப் படலமும் சூடாகி, அவற்றின் மேலுள்ள காற்றில் வெப்ப அடுக்குகள் கலங்குகின்றன. ஒவ்வோர் அடுக்கும் ஒளியைச் சிறிதே வெவ்வேறாக விலக்குவதால், தொலைவிலுள்ள பறவையின் விளிம்பு அலைபாய்ந்து குழைகிறது. லென்ஸ் எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு துல்லியமாக அது இந்தக் குழைவையும் பதிவு செய்யும். புதிதாக வாங்கிய 600 மி.மீ. லென்ஸைப் பழித்து விற்றவர்களில் சிலர் உண்மையில் பழித்திருக்க வேண்டியது காலை பதினோரு மணியை. அந்த வேளையில் பயன்படுவது 180-600 லென்ஸின் மறுமுனை: காத்திருந்தவர் எவரும் கேட்டிராத, 200இலிருந்து 180க்கு இறங்கிய அந்த 20 மி.மீ. அது பார்வைக் கோணத்தை ஒரு பாகைக்கும் சற்று மிகுதியாக விரிப்பதால், இரண்டு பாத்திக்கு அப்பால் மேயும் பூநாரைக் கூட்டமும், இடையே காற்று அதிகம் இல்லாத தொலைவில் பலகையால் உப்பு வாரும் தொழிலாளியும், அவர் இசைந்தால், தெளிவாகச் சட்டத்துக்குள் அடங்குவர்.