டச்சுத் தூதர்களின் சாட்சியம் திருச்சி அரசவைக்குச் செல்லுமா?

மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் இயேசு சபைக் கடிதங்களையும் உள்ளூர் ஏடுகளையுமே பெரிதும் நம்பினார்கள். 1924இல் வந்த ஆர். சத்தியநாத ஐயரின் நூலும் அப்படித்தான். 2012இல் வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் பதிப்பித்த, திருச்சியில் இருந்த நாயக்கர் அரசவைக்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய தூதர்களின் அறிக்கைகள் (1668, 1677, 1689) இன்னொரு சாட்சியை முன்னிறுத்தின. அதை எவ்வளவு ஏற்கலாம்?

உரைகல்லாக அதே கம்பெனியின் பெய்ஜிங் பயணம் இருக்கிறது. 1656இல் அதன் தூதர்கள் மும்முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை தாழ்த்தினார்கள். கிடைத்ததோ எட்டாண்டுக்கு ஒருமுறை வரலாம் என்ற அனுமதி மட்டும். உடன்சென்ற யோஹான் நியூஹோஃபின் நூல் 1665இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியாகி, தூதின் தோல்வியைப் படங்களின் பகட்டில் மறைத்தது. படங்களிலும் பதிப்பாளர் கைவைத்திருந்தார் என்பது மூலக் கையெழுத்துப்படி பாரிஸில் கிடைத்த பிறகே தெரிந்தது. திருச்சி அறிக்கைகள் சந்தைக்காக எழுதப்பட்டவை அல்ல; மேலதிகாரிகள் படிக்க எழுதியவை. ஆகவே அலங்காரம் குறைவு. ஆனால் செலவுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஊழியர், பேச்சு முறிந்தால் பழியை எதிர்த்தரப்பின் மேல் போடுவது இயல்பு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெய்ஜிங்கில் டச்சுக்காரர் வெறும் மனுதாரர். இங்கோ 1658 முதல் தூத்துக்குடி அவர்கள் வசம். முத்துக்குளிப்பும் சங்கும் பேச்சின் பொருள். வழக்கில் ஒரு கட்சிக்காரரே சாட்சியும் சொல்கிறார். 1677இல் டச்சுத் தூதர் அடால்ஃப் பாசிங் திருச்சிக்கு வந்தபோது, மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதர் 1673இல் பிடித்த தஞ்சை மராட்டியரான ஏகோஜியிடம் போயிருந்தது. அதே ஆண்டு சிவாஜியின் படை கொள்ளிடக் கரைவரை வந்தது. அந்த நெருக்கடியில் பணம் கேட்ட அரசரைப் பேராசைக்காரர் என்று தீர்ப்பது அவசரம்.

மற்றச் சாட்சிகளும் நடுநிலையானவை அல்ல. இயேசு சபையினருக்கு டச்சுக்காரர் சமயப் பகைவர். திருவரங்கத்துக் கோயில் வரலாற்று ஏடான கோயிலொழுகுக்கோ திருப்பணியும் நிர்வாகமுமே அக்கறை. ஆனால் சார்புகள் வெவ்வேறு திசையில் இழுப்பதால், இவை ஒத்துப்போகும் இடம் உறுதியானது.

எனவே கடற்கரை வணிகம், வரி, அன்பளிப்பு, அரசவையில் யார் சொல் எடுபட்டது ஆகியவற்றுக்கு டச்சு அறிக்கைகளே முதல் சாட்சி. சொக்கநாதரின் குணத்துக்கும் பின்னர் ஆண்ட ராணி மங்கம்மாளின் நோக்கத்துக்கும் அவற்றை மட்டும் நம்பி எழுதும் வரி எதுவும் வரலாறாகாது.